சதுப்பு மினுக்கி, முப்பத்தொன்று

சனிக்கிழமை சாவுனா என்னும் நீராவிக் குளியலறையில் வெந்து, ஈரத் தலையோடு மேஜையில் வந்து உட்கார்ந்த பிறகு நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. ஆனால் எங்கள் தீவில் வேர்வையோடு பொய்யும் போய்விடும், அந்த ஒரு மணி நேரத்துக்கு யாராலும் எதையும் அடக்கிவைக்க முடியாது.

"உன் வாய்க்கால் வராது, கௌபோ."

என் அண்ணன் புகைபோட்ட மீனின் தோலை உரித்துக்கொண்டிருந்தான். கை நிற்கவில்லை. "யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன். ஊத்துச் சதுப்புல சதுப்பு மினுக்கி இருக்கு. வியாழக்கிழமை எண்ணிட்டேன். முப்பத்தொண்ணு."

"என்னது அது, தவளையா?"

"ஆர்க்கிட்."

"நம்ம பக்கம் ஆர்க்கிட் இல்லாத பள்ளம் எதுடி? நம்ம மாடு அதத் தின்னுட்டுத்தான் பால் குடுத்துச்சு. அந்தப் பாலக் குடிச்சுத்தான் நீ டார்ட்டு யுனிவர்சிட்டிக்குப் படிக்கப் போன."

"இது ரெண்டாம் பட்டியல்."

அம்மா ரொட்டி அறுப்பதை நிறுத்தினாள். பட்டியல் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எஸ்தோனியாவில் எல்லா ஆர்க்கிடும் ஏதோ ஒரு பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மூன்றாம் பட்டியல் யாரையும் நிறுத்தாது, காகிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு மண்வாரி இயந்திரத்தைக் கிளப்பலாம். இரண்டாம் பட்டியல் இயந்திரத்தையே நிறுத்திவிடும்.

கௌபோவின் பார்லி வயல் இரண்டு வசந்தமாகத் தண்ணீரில் நின்று அழுகியது. வயலுக்கும் கடலுக்கும் நடுவே ருஷ்யர்கள் காலத்தில் வெட்டிய வாய்க்கால் தூர்ந்து, அல்டர் மர வேர் அடைத்துக் கிடக்கிறது. அதை ஒன்றரை மீட்டர் ஆழமாக்க ஊர் வடிகால் சங்கம் முடிவெடுத்து, ஜூலை இருபதாம் தேதிக்கு வரும்படி இயந்திரக்காரனிடம் சொல்லியிருந்தது. மூன்றாம் வருஷமும் பயிர் அழுகினால் டிராக்டரை விற்றுவிட்டுப் பின்லாந்துக்குச் சுவர் பூசப் போய்விடுவேன் என்று கௌபோ சொல்லியிருந்தான். அவன் மிரட்டுகிறவன் இல்லை. சொன்னால் போவான். அவன் போனால் அம்மா தனியாக இருப்பாள், வீடு இருக்கும், நிலம் போய்விடும்.

இன்னொரு பக்கம் அந்த ஊற்று. வாய்க்காலுக்கு மேலே, நான்கு டென்னிஸ் மைதான அளவுகூட இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் பாறைக்கு அடியிலிருந்து கசிந்து பாசியின் மேல் வெள்ளையாகப் படிகிறது. கீழே ஒன்றரை மீட்டர் வெட்டினால் இரண்டு கோடையில் ஊற்று வற்றி அது வெறும் மண். ஆயிரக்கணக்கான வருஷமாக ஊறுகிற தண்ணீருக்கு வக்கீல் கிடையாது. என் வேலை அதற்கு வக்கீலாக நிற்பது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் வெட்டுமுன் நிலத்தை ஆய்ந்து அறிக்கை கொடுக்க என்னை வேலைக்கு வைத்த நிறுவனம் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தது.

"அந்த முப்பத்தொண்ணும் சேத்து எடை போட்டா எவ்வளவு இருக்கும்?" கௌபோ கேட்டான்.

"கேள்வி அது இல்ல."

"ஒரு கைப்பிடி இருக்குமா? ஒரு கைப்பிடிக்கு என் ஒம்பது ஹெக்டேர்."

"நான் இயற்றின சட்டமா இது?"

"இல்ல. நீ படிச்ச சட்டம்." மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தான். "நான் சேத்துல நின்னேன், நீ படி ஏறுன. இப்ப மேல நின்னுக்கிட்டு என் தலைமேலயே துப்புற."

அது பொய்யாக இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அப்பா இறந்த வருஷம் கௌபோவுக்கு இருபத்திரண்டு வயது, எனக்குப் பதினைந்து. அவன் கப்பல் பொறியியல் படிக்க விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தான். அது இன்னும் மேஜை டிராயரில் கிடக்கிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எல்லோரும் அந்த டிராயரில்தான் ஸ்பூன் எடுக்கிறோம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ரைமோந்த் வந்தார். நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவர். ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமம் அவரிடம்தான். நான் எண்ணலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். இனத்தின் பெயரை உறுதி செய்து கையெழுத்திடுவது அவர் மட்டும்தான். உண்மையில் அவர் பறவைக்காரர். தொண்டையின் நிறத்தை வைத்துக் குருவி என்ன இனம் என்று சொல்வார். ஆனால் உரிமத்தில் "தாவரமும்" என்று ஒரு சொல் இருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாக வாய்க்கால் வாய்க்காலாகக் கையெழுத்துப் போட்டு வருகிறார்.

"மைவே, சீக்கிரம் முடிப்போம். இன்னிக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு," என்றார் காரிலிருந்து இறங்கும்போதே. "நீ அனுப்பின படத்தப் பாத்தேன். தெளிவா இல்ல."

"தெளிவாத்தான் இருக்கு."

"படம் எங்க வேணா எடுக்கலாம். நான் கண்ணால பாக்கறதுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன்."

ஜூனிப்பர் புதர்களைத் தாண்டி இறங்கினோம். மாட்டு ஈ காதைச் சுற்றியது. சதுப்பின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டேன்.

வெட்டியிருந்தது. மொத்தச் சதுப்பும் இல்லை. ஊற்றுக்கண்ணைச் சுற்றி ஒரு வட்டம், அதிலிருந்து வாய்க்கால் பக்கம் நீளும் ஒரு நாக்கு. என் முப்பத்தொன்றும் எங்கே இருந்தனவோ சரியாக அங்கே. வெட்டிய புல் இன்னும் வாடவில்லை. இயந்திரம் இங்கே இறங்காது, புதைந்துவிடும். இரண்டு கையால் வீசும் நீள அரிவாளால் வெட்டியது. பனி காய்வதற்கு முன்னால், விடியலில்.

கௌபோ வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தான். முழங்கால்மேல் கை. எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"காலை வணக்கம்," என்றார் ரைமோந்த்.

"உங்களுக்கும்," என்றான் கௌபோ.

நான் அவனிடம் போனேன். "ஆகஸ்ட்லதான வெட்டுவ? எப்பவும் ஆகஸ்ட்லதான?"

"ஆட்டுக்குப் படுக்கப் புல்லு இல்ல."

"பொய் சொல்லாத."

"எழுதிக்க. உன்கிட்ட நோட்டு இருக்குல்ல."

அவனை அப்படியே வாய்க்காலுக்குள் தள்ளியிருப்பேன். தள்ளாமல் திரும்பி வட்டத்துக்குள் போய் முழங்காலிட்டேன். தண்ணீர் கால்சட்டையில் ஊறியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் கோரைத் தாள். பிறகு தெரிந்தது.

எங்கள் அப்பா சதுப்பை எப்படி வெட்டுவாரோ அப்படியே கௌபோ வெட்டியிருந்தான். மேய்ச்சல் நிலத்தில் தரையை வழித்து வெட்டலாம். சதுப்பில் அப்படிச் செய்தால் அரிவாள் முனை பாசித் திட்டில் மாட்டி வளையும். அதனால் ஒரு உள்ளங்கை உயரம் விட்டு வெட்டவேண்டும், விட்ட உயரம் கடைசி வரை மாறக் கூடாது. ஒரு குற்றத்தை மறைக்க வந்தவன் கன்னாபின்னாவென்று வெட்டியிருக்கலாம், காலால் மிதித்திருக்கலாம், மண்வெட்டியால் கிளறியிருக்கலாம். அவனுக்கு அது கை வரவில்லை. உள்ளங்கை உயரத்துக்குக் கீழே இருந்த எல்லாம் அப்படியே நின்றது.

பூத்தண்டு போயிருந்தது. இலை இருந்தது.

"இங்க," என்றேன்.

ரைமோந்த் குனிந்தார், முழங்கால் நனையாத அளவுக்கு. "ரெண்டு இலை. எதிரெதிரா. குயில் முன்துணி." அது எங்கள் பக்கம் எல்லா வேலியோரத்திலும் வளரும் பச்சை ஆர்க்கிட். மூன்றாம் பட்டியல். "நான் நெனச்சது சரிதான். ஒரு கூடை அள்ளலாம் அத."

"குயில் முன்துணிக்கு இலை தண்டுக்கு நடுவுல வரும், அகலமா, தட்டையா விரிஞ்சு கிடக்கும். மங்கலா இருக்கும், நரம்பு தெரியும். இது அடியிலேருந்து வருது. நிமிந்து நிக்குது. படகு மாதிரி மடிஞ்சிருக்கு. எண்ணெய் பூசுன மாதிரி மினுக்குது பாருங்க."

"ஈரமா இருக்கு. ஈரமா இருந்தா எல்லாம் மினுக்கும்."

சட்டைக் கையால் இலையைத் துடைத்தேன். மினுக்கம் போகவில்லை. அவர் அதைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாசிக்குள் இரண்டு விரலை விட்டு மெதுவாக விலக்கினேன். இலையின் அடியில் பட்டாணி அளவுக்குப் பச்சைக் குமிழ், அதை ஒட்டி இன்னொன்று, வாடிய வைக்கோல் உறையோடு. "இது இந்த வருஷத்துக் குமிழ். இது போன வருஷத்துது. பாசிமேலயே உக்காந்திருக்கு, மண்ணுக்குள்ள வேர் இறங்கல. குயில் முன்துணிக்கு இது கிடையாது. இந்தத் தீவுல பச்சைப் பூவும், ரெண்டு இலையும், இப்படி ஜோடிக் குமிழும் சேந்து இருக்கறது இது ஒண்ணுதான்."

"மைவே." அவர் குரலைத் தாழ்த்தினார். குரலைத் தாழ்த்தினால் அது கனிவு என்று அவருக்கு நினைப்பு. "பூ இல்லாம ஒரு ஆர்க்கிட்டுக்கு நான் பேர் வைக்க மாட்டேன். யாரும் வைக்க மாட்டாங்க. உனக்கு இந்த எடத்துமேல பாசம், புரியுது. சொந்த ஊர்னா எல்லாருக்கும் அப்படித்தான். அதனாலதான் சொந்த ஊருக்கு ஆள அனுப்பக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

"பூ இல்லாம பேர் வைக்க மாட்டேன்னா குயில் முன்துணின்னு மட்டும் எப்படி வச்சீங்க?"

"அனுபவம்."

"அனுபவமா, அவசரமா?"

"மூணு வருஷம் படிச்சிட்டு ஒரு சாதாரணச் செடிய அடையாளம் தெரியல. இதுல எனக்குப் பாடம் வேற." பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "இனம்: குயில் முன்துணி. எண்ணிக்கை நீ சொல்ற முப்பத்தொண்ணே இருக்கட்டும். வாழிடம்: ஈரப் புல்வெளி. தடை இல்லை. நீயும் கீழ கையெழுத்துப் போடு."

ஈரப் புல்வெளி. ஆயிரம் வருஷச் சுண்ணாம்பு ஊற்றுக்கு அவர் வைத்த பெயர். நான் பேனாவை வாங்கவில்லை.

மேட்டிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. கௌபோ சிரிப்பது அபூர்வம். சிரித்தால் நல்லதற்காக இருக்காது.

"இவருக்கா உரிமம் குடுத்திருக்காங்க?"

"உங்ககிட்ட நான் பேசல," என்றார் ரைமோந்த்.

"குயில் முன்துணி அங்க நிக்குது." கௌபோ கையை நீட்டினான். அல்டர் நிழலில், வெட்டாத விளிம்பில், முழங்கால் உயரத்துக்கு ஏழெட்டுப் பச்சைத் தண்டுகள், நடுவில் அகன்ற இலை. "அத நான் தொடல. எதுக்குத் தொடணும், அது எவனுக்கும் வேணாம். எங்க அப்பா எனக்கு ரெண்டும் காட்டிருக்காரு, எட்டு வயசுல. இத வெட்டும்போது அரிவாள்ல பசை மாதிரி ஒட்டும். அதுல ஒட்டாது. எனக்கு அரை இருட்டுல தெரியுது, உமக்குப் பட்டப்பகல்ல தெரியல. இதுக்குக் காருல வேற வந்திருக்கீரு."

வாயை மூடு என்று அவனிடம் கத்தியிருக்க வேண்டும். நான் கத்தவில்லை. அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது, அவன் பேசப் பேச எனக்கு நல்லது என்று. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

ரைமோந்தின் கழுத்து சிவந்தது. "அப்ப நீர் தெரிஞ்சேதான் வெட்டிருக்கீரு."

"ஆமா. தெரிஞ்சேதான். மறைக்கத்தான் வெட்டினேன். நான் ஒண்ணும் திருடன் இல்ல, என் நிலத்துல என் அரிவாள்."

"உம்ம நிலமா இருந்தா என்ன? இரண்டாம் பட்டியல் செடிய வேணும்னே அழிச்சா அது குற்றம். ஆய்வுக்கு முன்னாடி வெட்டினா இன்னும் பெரிய குற்றம். நான் எழுதினா நாளைக்கே ஆள் வரும், தெரியுமா உமக்கு?"

ஒரு மாட்டு ஈ ரைமோந்தின் கன்னத்தில் உட்கார்ந்தது. அவர் அடித்துக்கொண்டார்.

"எந்தப் பட்டியல்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பறவைக்காரராக இருந்தாலும் முட்டாள் இல்லை. தான் சொன்னது அவருக்கே கேட்டுவிட்டது.

"மூணாம் பட்டியல் செடிய வெட்டினதுக்கு யாரும் வர மாட்டாங்க," என்றேன். "நீங்க இவன்மேல எழுதணும்னா இது சதுப்பு மினுக்கி. இது குயில் முன்துணின்னா இவன் ஆட்டுக்குப் புல்லு வெட்டினவன், நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுக் காருல ஏறணும். எது?"

"உன் அண்ணன் மாட்டுவான்."

"மாட்டட்டும்."

கௌபோ மேட்டிலிருந்து எழுந்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ரைமோந்துக்கு நேரம் கிடைத்திருக்கும்.

அவர் நினைத்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கன்னத்தில் ஈ கடித்திருந்தது, சேற்றுக்காரன் ஒருவன் உரிமத்தைக் கேலி செய்திருந்தான், அவனைச் சும்மா விட அவருக்கு மனம் வரவில்லை. பழைய படிவத்தைக் கிழித்தார். புதியதில் எழுதினார். இனம்: சதுப்பு மினுக்கி. எண்ணிக்கை: முப்பத்தொன்று. நிலை: பூத்தண்டுகள் வேண்டுமென்றே வெட்டப்பட்டுள்ளன. கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்தது.

"வாழிடப் பகுதி நீ எழுது," என்று படிவத்தை என்மேல் எறிந்தார். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ஈரக் காலோடு நின்றபடி எழுதினேன். சுண்ணாம்பு ஊற்றுச் சதுப்பு. தாழ்ந்த பாசி, கோரை, நிழல் இல்லை. வாய்க்காலின் மறுபக்கம் இதே ஊற்று நீர்தான் போகிறது. அந்த நிலத்தை இருபது வருஷமாக யாரும் வெட்டவில்லை, தலை உயர நாணல், ஒரு மினுக்கிகூட இல்லை. இந்தப் பக்கத்தைத் தலைமுறைகளாகக் கையால் வெட்டி வருகிறார்கள். அதனால் மட்டுமே இந்த இனம் இங்கே இருக்கிறது. இந்த வருஷத்து விதை போனது. முப்பத்தொரு குமிழும் உயிரோடு உள்ளன. நிலத்துக்காரர் தொடர்ந்து வெட்டவேண்டும், ஆகஸ்ட் பாதிக்குப் பின்.

ரைமோந்த் வாங்கிப் படித்தார். "அவன வெட்டச் சொல்லியே பரிந்துரையா?"

"வேற யாரு வெட்டுவா? நீங்களா?"

"திங்கட்கிழமை ஆபீசுல பேசுவோம்," என்றார். அன்றும் திங்கட்கிழமைதான். அடுத்த வாரத்தைச் சொன்னார். எனக்கு அங்கே இன்னும் எத்தனை திங்கட்கிழமை இருக்கும் என்று அவரும் நானும் ஒரே மாதிரி கணக்குப் போட்டோம். ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே அவர் தலை மேலும் கீழுமாகப் போய் மறைந்தது. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

கௌபோ வாய்க்கால் மேட்டிலேயே நின்றான்.

"என்னய வச்சுத் தூண்டில் போட்ட," என்றான்.

"நீயாத்தான் வாயத் திறந்த."

"அந்த ஆளு உன்ன முட்டாள்னான். கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

இதை அவன் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீ முந்தியே பூவ வெட்டாம இருந்திருந்தா யாரும் உன்மேல எழுத முடியாது," என்றேன்.

"வெட்டாம இருந்தா வாய்க்கால் போயிருக்கும். வெட்டினதால வாய்க்காலும் போச்சு, அபராதமும் வருது. ரெண்டு வழியும் நீயே அடச்சிட்டு என்கிட்ட நியாயம் பேசுற." அவன் கத்தவில்லை. வயலின் பக்கம் பார்த்துப் பேசினான். அங்கே பார்லி திட்டுத்திட்டாக மஞ்சளித்துக் கிடந்தது. "அப்புறம் என்ன எழுதின? நான் வருஷா வருஷம் வந்து உன் புல்லுக்கு முடி வெட்டணும்னா?"

"ஆமா."

"பின்லாந்துலேருந்தா?"

நான் குனிந்து, விலக்கிய பாசியைக் குமிழின்மேல் திரும்ப மூடினேன்.

"இயந்திரக்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றான். "சங்கத்துக்கும் சொல்லிக்கிறேன். அம்மாகிட்ட நீ சொல்லு. அத நான் செய்ய மாட்டேன்."

அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வழியாகப் போனான். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸ் சேற்றிலிருந்து பிடுங்கும் சத்தம் கேட்டது.

வீட்டில் அம்மா உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆவி. என் நனைந்த முழங்காலைப் பார்த்தாள். ஈர பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்தேன்.

"வாய்க்கால் வராதும்மா."

"எவனால?"

"என்னால. அந்தச் செடியால."

பாத்திரத்தை அடுப்புமேல் திரும்ப வைத்தாள். மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "கௌபோ என்ன சொன்னான்?"

"போறேன்னு சொல்லல. போவான்."

அம்மா ஜன்னலின் ஆவியை உள்ளங்கையால் ஒரு வட்டம் துடைத்து வெளியே பார்த்தாள். வயலில் யாரும் இல்லை.

"அந்தப் பூவு," என்றாள், "பாக்கவாவது அழகா இருக்குமா?"

யோசித்துப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளுமாக, நகத்தளவு, சளி பிடித்த மாதிரி ஒரு நிறம். மண்டியிட்டுத் தேடாதவன் கண்ணில் படாது.

"இல்லம்மா. அழகா இருக்காது."

அவள் தலையை ஆட்டினாள், எதையோ எண்ணி முடித்தவள்போல. பிறகு கிழங்கை ஒரு தட்டில் மட்டும் போட்டு, மேலே துணியை மூடி, கௌபோவைத் தேடி வெளியே போனாள்.